வாசலில் கொடுத்த தீப்பெட்டி

கருங்குன்றத்து அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். குருவின் பேர் மெய்யம்மை. சீடர் குழந்தைசாமி. பேர்தான் குழந்தை, ஆள் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். குருவுக்கு நாற்பது தாண்டவில்லை. "மக வயசுக்காரி காலில் போய் விழறாரே மனுஷன்" என்று ஊரில் சிரிப்பார்கள். குழந்தைசாமி காதில் போட்டுக்கொள்ள மாட்டார். மனைவி போனபின் கிறுக்குப் பிடித்த மாதிரித் திரிந்தவரை உட்காரவைத்துச் சோறு போட்டது அந்த மடம்தான்.

அவருக்கு ஒரே மகன், இளவழகன். குன்றுக்கு அடியில் இருக்கிற நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. ஞாயிறு தவறாமல் மடத்துக்கு வந்து அப்பாவோடு சாப்பிட்டுவிட்டுப் போவான். அந்த ஞாயிறு வரவில்லை. முந்தின நாள் சுரங்கம் சரிந்து, அவனும் கூட வேலை செய்தவர்களும் உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள்.

சேதி வந்ததும் குழந்தைசாமி குருவின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, எனக்குப் பாறை உடைக்கத் தெரியாது. மிஷின் ஓட்டத் தெரியாது. கையாலாகாதவன் என்ன செய்யணும்?"

குரு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, போவோம்" என்றார்.

குன்றின் உச்சியில், சரிந்த இடத்துக்கு நேர் மேலே, மிஷின் வைத்துத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. அங்கே ஒரு காவலாளி தகரப் பெட்டியோடு நின்றார்.

"தீப்பெட்டி, பீடி ஏதும் இருந்தா இதுல போட்டுட்டுப் போங்க. திரும்பறப்போ வாங்கிக்கலாம்."

குரு சுருக்குப் பையிலிருந்து அடுப்புப் பற்றவைக்கிற தீப்பெட்டியை எடுத்துப் பெட்டியில் போட்டார்.

"இது எதுக்கு, குழந்தைசாமி?"

"கரிக்குள்ள ஒரு வாயு ஊறிக்கிட்டே இருக்கும்மா. ஒரு பொறி பட்டாப் போதும், உள்ள இருக்கிற அத்தனை பேரும் சாம்பல்தான். என் பையனும் தினம் சுரங்க வாசல்ல தீப்பெட்டியைக் கொடுத்துட்டுத்தான் இறங்குவான்."

"அப்படியா" என்றார் குரு.

கயிற்றோரம் இவர்களுக்கு முன்பே ஒருத்தி பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். பேர் பவளம். அவள் புருஷன் வீரபத்திரனும் உள்ளேதான் இருந்தான். இளவழகனுக்கு வேலை பழக்கிக் கொடுத்தவன் அவன்.

"உக்காருங்கண்ணே" என்று பாயில் இடம் விட்டாள். "உங்க பையனை எங்க வீட்டுக்காரர் பாத்துக்குவார். நீங்க கலங்காதீங்க."

அன்றிலிருந்து அந்தப் பாய் இருவருக்கும் பொதுவாகிப் போயிற்று. யாராவது இட்லி கொடுத்தால் அவள் பாதியைப் பிட்டு அவரிடம் நீட்டுவாள். அவர் வேண்டாம் என்றால் விடமாட்டாள்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள். பஜ்ஜிக் கடைகூட வந்துவிட்டது. பாவம், நல்ல மனசோடுதான் வந்தார்கள், அதை மறைக்கக் கூடாது. முன்பின் தெரியாதவர்கள் பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

காலையில் துளை போடுகிற எஞ்சினியருக்கு மாலை போட்டார்கள். அவர் கூச்சத்தோடு அதைக் கழற்றி மிஷின்மேல் தொங்கவிட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். சாயங்காலம் பாறையில் சிக்கி மிஷின் நின்றது. "இவனை யாரு இங்க கூட்டிட்டு வந்தது?" என்று அதே வாய்கள் கேட்டன. மாலை இன்னும் வாடக்கூட இல்லை.

சிலர் குருவிடம் வந்தார்கள்.

"சாமி, உசுரோட வந்துருவாங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"தெரியலையேப்பா."

"பக்கத்து ஊர்ச் சாமியார் வெள்ளிக்கிழமை வந்துருவாங்கன்னு சொல்லிட்டாராமே."

"வந்தா சந்தோஷம்."

இதென்ன சாமியார் என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள். குழந்தைசாமிக்கே மனசு தாங்கவில்லை.

"ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"உங்களுக்கு வேணுமா, சொல்லட்டுமா?"

அவர் யோசித்தார். சொன்னது பொய்த்துப்போனால் தாங்குகிற தெம்பு தனக்கு இல்லை என்று தெரிந்தது.

"வேண்டாம்மா" என்றார்.

ஒருநாள் எல்லோருடைய போனிலும் ஒரு சேதி சுற்றியது. இன்று பொழுது சாயும்போது குன்றின் உச்சியில் விளக்கேற்றுவோம், ஊரே கூடி ஏற்றினால் தெய்வம் இறங்கி வரும் என்று. மதியத்திலிருந்தே அகல் விளக்கும் எண்ணெயுமாக ஜனம் ஏற ஆரம்பித்தது. காவலாளி கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார்.

"கீழ ரோட்டுல ஏத்துங்க. இங்க வேண்டாம்."

"விளக்கேத்தக்கூட விடமாட்டீங்களா? நீங்கள்லாம் மனுஷங்கதானா?"

பேச்சோடு பேச்சாகக் கயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். தீப்பெட்டிகள் இடுப்பு மடிப்பில் பத்திரமாக இருந்தன.

அந்த நேரம் பார்த்து எஞ்சினியர் மிஷினை நிறுத்தச் சொன்னார். அதன்மேல் ஏறி நின்று கத்தினார்.

"இன்னும் ஒரு முழம்தான். துளை இறங்கினதும் உள்ள இருக்கிற காத்து மேல வரும். தயவுசெஞ்சு யாரும் நெருப்பு வைக்காதீங்க."

"விளக்கு நெருப்பாய்யா? அது தெய்வம்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். பலர் ஆமாம் போட்டார்கள்.

பவளம் ஒரு அகலைக் கொண்டுவந்து குழந்தைசாமியின் கையில் வைத்தாள். அதில் இரண்டு திரி போட்டிருந்தாள்.

"ஒண்ணு உங்க பையனுக்கு, ஒண்ணு இவருக்கு. பெரியவங்க நீங்க. உங்க கையால ஏத்தி அந்தத் துளைகிட்ட வைங்கண்ணே."

யாரோ தீக்குச்சி உரசிக் கொடுத்தார்கள். குழந்தைசாமி ஏற்றினார். இரண்டு திரியும் பிடித்துக்கொண்டன. என் பிள்ளைக்காக நானும் ஒன்று செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். டிவிக்காரர்கள் வழிவிட்டார்கள். மற்றவர்கள் அவர் வைத்தபிறகு ஏற்றுவதற்காகக் காத்திருந்தார்கள். அகலைக் கையால் மறைத்துக்கொண்டு துளையை நோக்கி நடந்தார்.

நடுவழியில் குரு நின்றிருந்தார்.

"குளிர வைங்க" என்றார்.

நம் பக்கத்தில் விளக்கை அணை என்று வாயால் சொல்ல மாட்டார்கள். அதை இப்படித்தான் சொல்வது. எப்படிச் சொன்னால் என்ன, குழந்தைசாமி அகலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, இது என் பிள்ளைக்கு."

"தெரியும்."

"என்னால முடிஞ்சது இது ஒண்ணுதான். இதையும் வேண்டாங்கிறீங்களா?"

"உங்க பையன் தினம் உள்ள இறங்கறப்போ வாசல்ல எதைக் கொடுத்துட்டுப் போவான்?"

குழந்தைசாமி கையிலிருந்த சுடரைப் பார்த்தார். அவருக்குத் தெரியாத விஷயமா? குருவுக்கே அவர்தானே சொன்னார்.

பின்னால் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பவளம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு திரியையும் விரலால் நசுக்கினார்.

ஆளுக்கு ஆள் பேசினார்கள்.

"பெத்த அப்பனே அணைச்சுட்டானே."

"அந்தப் பொம்பளை சொன்னா இவனுக்குப் புத்தி எங்க போச்சு?"

"இனி அந்தப் பசங்க வந்த மாதிரிதான்."

குழந்தைசாமி காவலாளியிடமிருந்து தகரப் பெட்டியை வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவர் முன்னாலும் போய் நீட்டினார். "தீப்பெட்டியைப் போடுங்கய்யா. உள்ள என் பையன் இருக்கான்" என்றார். சிலர் போட்டார்கள். சிலர் தரையில் காறித் துப்பினார்கள். ஒரு மண்கட்டி வந்து முதுகில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் அடுத்த ஆளிடம் பெட்டியை நீட்டினார்.

கூட்டம் முனகிக்கொண்டே கீழே இறங்கி, ரோட்டோரமாக விளக்குகளை வைத்தது. மேலிருந்து பார்க்க நீளமாக ஒளி தெரிந்தது.

"அழகா இருக்கு, இல்ல?" என்றார் குரு.

குழந்தைசாமி பாயில் போய் உட்காரலாம் என்று திரும்பினார். பவளம் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் துளை இறங்கியது. உள்ளிருந்து காற்று சீறிக்கொண்டு வந்தது. கருவியை நீட்டிச் சோதித்த எஞ்சினியரின் முகம் வெளுத்துப்போனது. வாயு அடங்கும்வரை ஒருவரையும் கிட்டே விடவில்லை. அப்புறம் குழாயில் வாய் வைத்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். ஒவ்வொரு குரலாகப் பதில் வந்தது.

"இளவழகன்."

"இருக்கேன்" என்றது குழாய்.

குழந்தைசாமி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"வீரபத்திரன்."

குழாயிலிருந்து சத்தம் இல்லை. எஞ்சினியர் மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறையும் கூப்பிட்டார்.

துளையை அகலப்படுத்தி இரும்புக் கூண்டு இறக்க நாளாயிற்று. அதற்குள் டிவியில் வேறு சேதி வந்துவிட்டது. பஜ்ஜிக் கடைக்காரர் கடையை எடுத்துக்கொண்டு போனார். கயிற்றோரம் சொந்தக்காரர்கள் மட்டும் மிஞ்சினார்கள். கூண்டு மேலே வருகிற நாளன்று மறுபடி கூட்டம் கூடியது. கண்ணில் துணி கட்டி வெளியே வந்த ஒவ்வொருவனுக்கும் கைதட்டல், மாலை. "நாங்க ஏத்தின விளக்குதான் காப்பாத்துச்சு" என்று ஒருவர் மைக்கில் சொன்னார். எஞ்சினியரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவருக்கு இறங்கிப்போய்த் தூங்கினால் போதும் என்றிருந்தது.

வீரபத்திரனைக் கடைசியாகக் கொண்டுவந்தார்கள். அதற்குள் பாதிப்பேர் போய்விட்டார்கள்.

பவளம் அழவில்லை. நேரே குழந்தைசாமியிடம் வந்தாள்.

"எங்க விளக்கை நீங்கதானே அணைச்சீங்க" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

மகனைக் கூட்டிக்கொண்டு மடத்துக்கு வந்தார்கள். பிழைத்த சேதியைத் தவிர எதையும் பேசத் தெம்பில்லாமல் இளவழகன் படுத்து உறங்கிப்போனான். உறங்குமுன் ஒன்று மட்டும் சொன்னான். "சரிஞ்சப்பவே அண்ணன் போயிட்டாருப்பா. என்னைப் பிடிச்சுத் தள்ளிவிட்டுட்டு அவர் மாட்டிக்கிட்டார்."

மறுநாள் பூராவும் குழந்தைசாமி ஒரு வேலையும் ஓடாமல் கிடந்தார். சாயங்காலம் குருவிடம் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ரோட்டுல விளக்கு வெச்சவங்களை ஊரு கும்பிடுது. என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குது."

"ம்."

"அது போகட்டும். பவளம் சொன்னதுதான் தாங்க முடியலை. அவ புருஷன் போனது சரிஞ்ச அன்னைக்கே. விளக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. போய்ச் சொல்லிடட்டுமா?"

"சொன்னா யாருக்குப் பாரம் குறையும்?"

குழந்தைசாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத்தான்" என்றார்.

குரு சுருக்குப் பையை அவிழ்த்தார். கயிற்றோரம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வாங்கிவந்த தீப்பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"சாவு விழுந்த வீட்டுல அடுப்பு எரியாது. அவளுக்குச் சோறு கொண்டுபோக யாரு இருக்கா?"

"சொந்தம்னு யாருமில்லம்மா. வெளியூர்க்காரங்க."

"கூட்டம்?"

"அது அப்பவே போயிடுச்சு."

"உலையை வைங்க" என்றார் குரு.

குழந்தைசாமி அடுப்பைப் பற்றவைத்தார். சோறு வடித்து, ரசம் வைத்து, அப்பளம் சுட்டார். தூக்குப் பாத்திரத்தில் நிரப்பி மூடினார். வாசல்வரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னைக் கண்டா அவ கன்னத்துல அறைவாம்மா."

"அறையட்டும்" என்றார் குரு. "பாத்திரத்தைக் கீழ போட்டுடாதீங்க."