பள்ளத்தில் விழாத பஸ்

"சார், என் கேம்ல ஒரு தப்பும் இல்ல. ஆனா அப்பா விளையாட மாட்டேங்கிறாரு."

செண்பகவல்லி லேப்டாப்பை மேஜைமேல் வைத்தாள். உட்காரவில்லை.

ஜோவின் அவளைவிட வயதில் சின்னவன். நாகர்கோவில் வடசேரியில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் கேம் செய்யச் சொல்லிக்கொடுத்தான். அவன் அவளை அக்கா என்பான். அவள் அவனை சார் என்பாள்.

அவள் அங்கே சேர்ந்தது அப்பாவுக்காக.

தாணுமூர்த்தி மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்தது. வலது கை மடங்கிப்போயிற்று. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டது. அந்த விரல்களுக்குத் தினமும் வேலை கொடுக்கணும் என்றார் டாக்டர். ஒரு ரப்பர் பந்தை வாங்கி அப்பா கையில் வைத்தாள். அவர் அதை இடது கையால் எடுத்து ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிட்டார்.

அதனால்தான் இந்த பஸ் கேம். ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் பஸ் குதித்து, ரோட்டில் வரும் பள்ளத்தைத் தாண்டும்.

"முதல்ல ஆசையாத்தான் ஆடுனாரு சார். இப்ப கொண்டு வச்சா முகத்தத் திருப்பிக்கிறாரு."

ஜோவின் கேமைத் திறந்தான். பஸ் கிளம்பியது. முதல் பள்ளத்தைத் தாண்டினான். இரண்டாவதையும் தாண்டினான்.

பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

பஸ் ஓடிக்கொண்டே இருந்தது. பள்ளம் வந்தது. ஸ்கோர் ஏறியது. இன்னொரு பள்ளம். இன்னும் ஏறியது.

"அது நான் வேணும்னே எழுதுனது," என்றாள் அவள். "விழுந்தாலும் தாண்டுன கணக்குதான். அவருக்கு விரல் சரியா வராது சார். விழுந்தா மனசு ஒடிஞ்சிரும்."

ஜோவின் லேப்டாப்பை மூடினான். மூலையில் சாய்த்து வைத்திருந்த கேரம் போர்டை எடுத்து வந்து ஸ்டூல்மேல் போட்டான். காய்களை அடுக்கினான்.

"ஒரு ஆட்டம் போடுவோமாக்கா?"

"சார், நான் கேக்கறது..."

"ஒரே ஆட்டம்."

ஆடினார்கள். அவளுக்குக் கேரம் நன்றாக வரும்.

அவன் காய் ஒன்று பாக்கெட் வாயிலேயே நின்றது. தொட்டால் விழும். அவன் ஸ்ட்ரைக்கரை எதிர்ப்பக்கம் அடித்தான்.

"சார், இங்க நிக்குது பாருங்க."

"அட, ஆமா."

அடுத்த முறையும் எதிர்ப்பக்கமே அடித்தான். சிவப்புக் காயும் அவனுக்கு நேராக வந்து நின்றது. அதையும் விட்டான்.

அவள் ஜெயித்தாள். ஜோவின் கை தட்டினான்.

"சூப்பர்க்கா! பிரமாதமா ஆடுறீங்க."

அவளுக்கு முகம் சிவந்தது. "என்ன சார் இது? என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? இப்படி விட்டுக்கொடுத்து ஆடுறதுக்கு, என்கூட ஆடாமலே இருந்திருக்கலாம்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள்.

கீழே கடையில் யாரோ செருப்புக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஜோவின் காய்களை டப்பாவுக்குள் போட்டான்.

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறந்து, விழுந்தாலும் தாண்டியதாகக் கணக்கு வைக்கச் சொல்லி எழுதிய அந்த வரியைத் தேடினாள்.

"அத மட்டும் எடுத்தா முதல் பள்ளத்துலயே விழுவாருக்கா."

"அப்ப பள்ளத்த எவ்வளவு தூரத்துல வைக்கணும் சார்? நீங்களே சொல்லுங்க."

"எனக்கு என் விரலைத்தான் தெரியும்."

அன்று சாயங்காலம் அவள் அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்தாள். கேமைத் திறக்கவில்லை. அவர் வலது கையை எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்தாள்.

"சும்மா அழுத்துங்கப்பா."

நடுவிரல் நடுங்கியது. பாதி தூரம் இறங்கி நின்றது. யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு அழுத்தியது. அதைவிட நேரமெடுத்து மேலே வந்தது.

அந்த விரல் இத்தனை பாடுபடுவதை அவள் அதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை.

பஸ்ஸின் வேகத்தைக் குறைத்தாள். பள்ளங்களைத் தள்ளித் தள்ளி வைத்தாள். அந்த வரியை அழித்தாள்.

மறுநாள் காலை லேப்டாப்பை அப்பா முன் வைத்தாள். அவர் முகத்தைத் திருப்பினார்.

"ஒரே ஒரு தடவைப்பா. எனக்காக."

வேண்டாவெறுப்பாகக் கையை வைத்தார். பஸ் கிளம்பியது. பள்ளம் வந்தது. விரல் இறங்குவதற்குள் பஸ் விழுந்துவிட்டது.

திரை நின்றது. ஸ்கோர் பூஜ்யம்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பை எடுத்துவிடலாமா என்று அவள் கை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

மறுபடி விழுந்தார். மறுபடியும். பிறகு பஸ் ஒரு பள்ளத்தைத் தாண்டியது. அவர் உதடு கோணிக்கொண்டு விரிந்தது. அடுத்ததையும் தாண்டி, அதற்கடுத்ததில் விழுந்தார்.

ஸ்கோர் இரண்டு.

அவர் கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினார். நீ ஆடு என்று கண்ணைக் காட்டினார்.

அவள் ஆடினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது பள்ளம் வந்துகொண்டிருந்தது. அவள் விரல் பொத்தான்மேல் நின்றது. விட்டுவிட்டால் போதும், சமமாகிவிடும். அப்பா திரையைப் பார்க்கவில்லை. அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுத்தினாள். பஸ் தாண்டியது. அவள் நிறுத்தவில்லை. ஒன்பதில்தான் விழுந்தாள்.

பயந்துகொண்டே திரும்பினாள்.

அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். நோய் வந்த பிறகு அவர் வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம் வந்ததில்லை.

"தள்ளி இரி மக்ளே," என்றார்.