முக்காடு போட்ட உழவர்கள்

பூவனூரைச் செங்கழுநீர்ராயன் ஆண்ட காலத்தில் இரண்டு வருடம் மழையே இல்லை. அரசன் நல்லவன். கஜானாவைத் திறந்து, "உழவர்களுக்கு மானியம் கொடுங்கள்" என்றான். ஆனால் கொடுக்கும் வேலையை அமைச்சர் அம்பலத்தரசரிடம் ஒப்படைத்தான். வினை அங்கேதான் தொடங்கியது.

ஒரு நாள் வீராயி என்ற உழவுக்காரி சபைக்கு வந்து நின்றாள்.

"சாமி, மானியம்னு தண்டோரா மட்டுந்தான் வந்துச்சு. எங்க ஊருல ஒருத்தர் கையிலயும் ஒரு காசு விழல. யாருக்குக் கொடுத்தீங்கன்னு சொல்லுங்க."

"பெயர்களைப் படியுங்கள், அமைச்சரே" என்றான் அரசன்.

அம்பலத்தரசர் காதைப் பொத்திக்கொண்டார். "சிவசிவா! கை நீட்டி வாங்கியவன் பெயரைச் சபையில் படித்தால் அவன் மானம் என்னாவது? இவள் சொல்வது பொய்ப்புகார். சட்டப்படி இவள் நிலத்தைப் பறிக்க வேண்டும்."

வீராயிக்கு முகம் வெளுத்துவிட்டது. இருந்த ஒரு துண்டு நிலமும் போனால் அவள் எங்கே போவாள்? அரசனோ உழவர் மானத்தை நினைத்துக் கண் கலங்கினான். சபையில் எல்லாரையும் கிண்டலடித்தே சோறு தின்னும் விகடகவி சடையாண்டி எழுந்து முன்னால் வந்தான். அடித்த கொள்ளைக்கு மானம் என்று பெயர் வைக்கிறானே இந்த மனுஷன்!

"சடையாண்டி, யார் பெயரையும் கேட்காமல், படிக்காமல், மானியம் வாங்கியவர்களை எனக்குக் காட்டு. முடியாவிட்டால் இவள் நிலம் போய்விடும்" என்றான் அரசன்.

"அதற்கென்ன, அரசே! நாளைக்குப் பொன்னேர் பூட்டும் நாள். வருடத்தின் முதல் உழவு. மானியத்தோடு கொடுத்த செப்பு முத்திரையைக் காட்டிவிட்டு, அரண்மனை வயலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு சால் உழுதவருக்கு அதே தொகை இன்னொரு முறை கிடைக்கும் என்று பறை அறைவியுங்கள். வயலுக்கு அரண்மனைக் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சி, மாடும் ஏரும் நாமே தருவோம். ஆள் வைத்து மட்டும் உழக் கூடாது. மானம் முக்கியமில்லையா? முக்காடு போட்டுக்கொண்டே வரட்டும்!"

மறுநாள் வயலோரம் பல்லக்காக வந்து இறங்கியது. முக்காடு போட்ட உருவங்கள் ஒவ்வொன்றாக முத்திரையைக் காட்டின. மாடு இழுக்கும், நாம் பின்னால் நடந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள் அந்த மகானுபாவர்கள்.

ஒருவர் காளையின் முகத்தை ஏரைப் பார்த்துத் திருப்பிக் கட்டினார். இன்னொருவர் பட்டுச் செருப்போடு சேற்றில் இறங்கி, செருப்பை அங்கேயே விட்டார். மூன்றாமவர் காளையிடம், "ம், புறப்படலாம்" என்று உத்தரவிட்டார். அது சாணி போட்டது.

வீராயியால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, மேழியைப் பிடிச்சு அழுத்துங்க! அது என்ன வீணையா, தடவிக்கிட்டு நிக்கிறீங்க?"

அரசன் முகம் கறுத்தது. "அமைச்சரே, இவர்களா உழவர்கள்?" என்று திரும்பினான். பக்கத்து ஆசனம் காலியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு காளை துள்ளியது. ஓர் உழவர் குப்புற விழுந்தார். முக்காடு நழுவியது. சேறு அப்பிய முகத்தோடு அம்பலத்தரசர் எழுந்து உட்கார்ந்தார். பார்த்தவர்கள் காறித் துப்பாத குறைதான்.

"எல்லா முக்காட்டையும் உருவுங்கள்!" என்று கத்தினான் அரசன். அமைச்சரின் மச்சான், சம்பந்தி, தளபதியின் தம்பி என்று ஒரு கூட்டமே நெளிந்தது. "இவர்கள் வாங்கியதைப் பிடுங்கி உழவர்களுக்குக் கொடுங்கள். வீராயிக்கு முதலில். இனி மானியம் வாங்குபவர் பெயரை ஊர் ஊராகப் பறை அறைந்து சொல்ல வேண்டும். தண்டனையாக இந்தக் கும்பல் வீராயி ஊர் வயல் முழுவதையும் உழுதுவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்!"

சடையாண்டி பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"வேண்டாம், அரசே! இரண்டு வருடமாக மழை பொய்த்து அந்த ஊரைக் கெடுத்தது போதாதா? இவர்களும் போய் உழுதால் மூன்றாவது வருடமும் ஒன்றும் விளையாது!"

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டி கழுத்தில் போட்டான்.