பெயருக்கு இருபது எழுத்து

அங்கயற்கண்ணியிடம் பதினொரு வருடம் தொழில் கற்றவர் சென்னியப்பன். மில் கொதிகலன்களை இயக்கும் மென்பொருளைச் செய்யும் கோயம்புத்தூர் கம்பெனி அங்கயற்கண்ணியுடையது. அந்த மென்பொருளில் ஓட்டை எங்கே என்று சோதித்துக் கண்டுபிடிப்பது சென்னியப்பன் வேலை. அந்த வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

மிஞ்ச ஆள் வந்துவிட்டாள். சேர்ந்து நாலு மாதம்கூட ஆகாத பிரிஸில்லா.

ஆயுதபூஜை அன்று அவள் ஒரு மில்லுக்குப் போயிருந்தாள். கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் மாரப்பன் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். அதோடு விடாமல், திரையில் 'பாய்லர் 2' என்றிருந்ததை அழித்துவிட்டுக் குலதெய்வத்தின் பெயரை அடைமொழிகளோடு அடித்தார். பெயருக்கு மென்பொருள் ஒதுக்கியிருந்தது இருபது எழுத்துக்கான இடம். மிச்சமெல்லாம் வழிந்து பக்கத்து இடத்தில் ஏறியது. எந்த அழுத்தத்தில் கொதிகலன் தானாக நிற்க வேண்டும் என்ற எண் இருந்த இடம் அது. பொரி கொறித்துக்கொண்டிருந்த பிரிஸில்லா, அந்த எண் மாறியதைப் பார்த்துவிட்டாள்.

சென்னியப்பனுக்கு வயிறு எரிந்தது. பதினொரு வருடமாக அவர் அந்தப் பெயர்க் கட்டத்தில் 'டெஸ்ட்' என்று மட்டுமே அடித்துப் பார்த்திருந்தார். நேற்று வந்தவள் பொரி தின்றுகொண்டே கண்டுபிடித்ததை அவரால் தாங்க முடியவில்லை.

அதே மென்பொருள் ஓடும் மற்ற பதினாலு மில்களுக்கும் போக வேண்டிய எச்சரிக்கைக் கடிதம் அவர் கையெழுத்துக்கு வந்தது. தேதி போட்ட விதம் சரியில்லை என்று டிராயரில் வைத்துப் பூட்டினார். மூன்றாம் நாள் விஷயம் தெரிந்து அங்கயற்கண்ணி கூப்பிட்டனுப்பினார்.

சென்னியப்பன் உட்காரக்கூட இல்லை.

"அவகிட்ட இருக்கறது எங்கிட்ட என்னங்க மேடம் இல்லாமப் போச்சு?"

கொதிகலன் இல்லாமலே மென்பொருளை ஓட்டிப் பார்க்கும் சோதனைப் பெட்டியை அங்கயற்கண்ணி இழுத்து அவர் முன்னால் வைத்தார்.

"கொதிகலன் பேருக்குப் பதிலா உங்க பேரை அடிங்க. படிப்பு, பதவி, அனுபவம், ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது."

சென்னியப்பன் ஒன்றையும் விடவில்லை. வாங்கிய கேடயத்தைக்கூடச் சேர்த்தார்.

நிமிர்ந்து பார்த்தபோது, பத்து என்றிருந்த அழுத்த எல்லை இருபத்தெட்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. கொதிகலன் வெடித்துச் சிதறினாலும் அழுத்தம் அந்த எண்ணை எட்டாது; அது தானாக நிற்கவும் நிற்காது. சந்தனக் கையோடு நின்ற மாரப்பனைச் சென்னியப்பன் அப்போதுதான் நினைத்தார்.

"மாரப்பன் இன்னும் அந்தக் கொதிகலன் பக்கத்துலயேதானுங்களா நிக்கறாரு?"

"இல்லை. இதே கேள்விய பிரிஸில்லா அன்னைக்கே கேட்டா. கேட்ட கையோட கொதிகலனை அணைக்க வெச்சா," என்றார் அங்கயற்கண்ணி. "மத்த பதினாலு மில்லுல நிக்கறவங்க பேரு அவளுக்குத் தெரியாது. அந்தக் கடுதாசி உங்க டிராயர்ல இருக்கு."