பார்மசிஸ்ட் உள்ளே இருக்க வேண்டும்

கோணப்பனையூர்க்காரர்களிடம் எதையும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. அதுதான் சிக்கலே. கொசு மருந்து அடிக்க வந்தவர்கள், "வீட்டில் உள்ளதையெல்லாம் வெளியே எடுத்து வையுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் கதவும் சன்னலும் நிலையோடு தெருவில் கிடந்தன. சுவரை எப்படி எடுத்து வைப்பது என்று ஊர் கூடிப் பேசிக்கொண்டிருந்தது.

அந்த ஊரின் ஒரே மருந்துக்கடை பூதலிங்கம் அண்ணாச்சியுடையது. பழைய ஓட்டுக் கட்டடம்; முன்பக்கம் மட்டும் புதிதாக ஒரு ஷட்டர். பார்மசிஸ்டாக இருந்தவள் செண்பகவடிவு. டிப்ளமா படித்தவள்தான். ஆனால் உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் டிப்ளமா அவளை ஒன்றும் செய்யவில்லை. எடுபிடிக்கு அண்ணாச்சியின் மச்சினன் கொம்பையா.

ஒருநாள் மருந்து ஆய்வாளர் திருமேனிநாதன் ஜீப்பில் வந்து இறங்கினார். கனத்த சரீரம். கடையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, வடிவைத் தவிர. அவள் டீக்குப் போயிருந்தாள்.

"பார்மசிஸ்ட் உள்ளே இல்லாம ஷட்டர் ஒரு சாண் கூடத் திறந்திருக்கக் கூடாது" என்றார் ஆய்வாளர். "அடுத்த தடவை வந்து பார்ப்பேன். அப்பவும் இப்படின்னா லைசென்ஸ் போயிடும்."

பூதலிங்கத்துக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. லைசென்ஸ் போனால் கடை போகும். கடை போனால் மாமனாரின் செங்கல் சூளைக்குத்தான் போகவேண்டும். "என்ன மருமகனே, வந்து சேந்தாச்சா?" என்று மாமனார் சிரிக்கப் போகிற சிரிப்பு இப்போதே அவர் காதில் கேட்டது.

மறுநாள் காலை பூட்டைத் திறந்து ஷட்டரில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வடிவு, நீ இப்போ எங்க நிக்க?"

"உங்க பக்கத்துலதான் அண்ணாச்சி."

"அப்ப உள்ள இல்ல."

"இல்ல."

"நீ உள்ள இல்லாம நான் ஷட்டரைத் தூக்கலாமா?"

வடிவு யோசித்தாள். "தூக்கக் கூடாது."

"சரி, நீ உள்ள போ. பிறகு தூக்குதேன்."

"தூக்காம எப்படி அண்ணாச்சி உள்ள போக?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

கொம்பையா இருவரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "அத்தான், ஒரு சாண் தூக்கக் கூடாதுன்னுதான சொன்னாரு? முக்கால் சாண் தூக்குவோம்."

"யாரு சாண்ல முக்கால்? இன்ஸ்பெக்டர் கை பெருங்கைலா."

"நம்ம கையே இருக்கட்டும். சின்னதா இருந்தா சட்டத்துக்கு நல்லதுதான."

முக்கால் சாண் தூக்கினார்கள். வடிவின் டிபன் கேரியர் படுத்த வாக்கில் தாராளமாக உள்ளே போனது. ஆனால் டிபன் கேரியருக்கு டிப்ளமா கிடையாது. வடிவு தரையில் படுத்துப் பார்த்தாள். தலை போயிற்று. மற்றது போகவில்லை.

"தலை போனா போதாதா?" என்றான் கொம்பையா. "படிச்சது தலைதான?"

"பரீட்சை எழுதுனது கை" என்றாள் வடிவு, உள்ளேயிருந்து.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தலையை வெளியே எடுத்துவிட்டார்கள். தலைவலி மாத்திரை வாங்க வந்து காத்திருந்தவன் தென்னை ஏறுகிற வேலாண்டி. இந்தப் பேச்சு முடிவதற்குள் அவனுடைய தலைவலி அங்கே நின்ற எல்லோருக்கும் வந்திருந்தது. அவன்தான் கடைசியில் வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி, எந்த மரத்துக்கும் நான் கதவு வழியாப் போனதில்ல. மேல இருந்து பாப்பமே."

ஷட்டரைப் பற்றித்தான் சட்டம் பேசியது. ஓட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. வேலாண்டியும் கொம்பையாவும் கூரையில் ஏறி ஓட்டைப் பிரித்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் கிணற்றுக் கயிற்றைக் கட்டி, அதில் வடிவை உட்காரவைத்து, வாளியை இறக்குவதுபோல் கடைக்குள் இறக்கினார்கள்.

"வந்துட்டேன் அண்ணாச்சி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பூதலிங்கம் ஷட்டரை முழுசாகத் தூக்கினார். சட்டப்படி திறந்த கடைக்குள் காற்றே வேறு மாதிரி வீசுவதாக அவருக்குப் பட்டது.

அன்று முதல் அதுவே வழக்கம். டீக்கும் சாப்பாட்டுக்கும் வடிவு போகவேண்டுமானால் முதலில் ஷட்டர் இறங்கும். பிறகு கொம்பையாவும் வேலாண்டியும் அவளை நாற்காலியோடு மேலே இழுப்பார்கள். ஏணியில் இறங்கித் தெருவுக்கு வந்து, டீ குடித்துவிட்டு, அதே வழியில் திரும்புவாள். மழைக்காலம் தள்ளிப்போனது மருந்துகள் செய்த புண்ணியம்.

ஆய்வாளர் மறுபடி வந்தபோது ஷட்டர் திறந்திருந்தது, வடிவு உள்ளே இருந்தாள். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. பூதலிங்கம் வாசலில் நின்று அந்தத் திருப்தியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலமாரிகளைப் பார்த்துக்கொண்டே வந்த ஆய்வாளர் தலைக்குமேல் வெயில் அடிப்பதை உணர்ந்து அண்ணாந்தார்.

"அது என்னம்மா, மேலே வெளிச்சம்?"

"வழி சார்."

"யாருக்கு வழி?"

"எனக்குத்தான் சார்."

ஆய்வாளர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. "கண்ணாடி ஜீப்புல இருக்கு. எடுத்துட்டு வாங்க."

வடிவு படி தாண்டியதுதான் தாமதம். பூதலிங்கம் தடதடவென்று ஷட்டரை இழுத்து மூடினார்.

ஜீப் அந்நேரம் டீசல் போடக் கிளம்பியிருந்தது. கண்ணாடி ஜீப்பில் இருக்கிறது என்று சொல்லப்பட்டிருந்ததால் வடிவு ஜீப்பின் பின்னாலேயே ஓடினாள். ஜீப் திருப்பத்தில் மறைந்தது. வடிவும் மறைந்தாள்.

கடைக்குள்ளிருந்து ஷட்டர் அதிர்ந்தது. பூதலிங்கம் அதை முக்கால் சாண் மட்டும் தூக்கி, அதற்குமேல் ஏறாமல் சங்கிலி போட்டு, தரையில் படுத்து, இடுக்கு வழியே பார்த்தார்.

"யோவ், திறய்யா. இன்ஸ்பெக்டர் சொல்றேன்."

"நீங்க சொன்னதாலதான் சார் மூடிருக்கேன். பார்மசிஸ்ட் உள்ள இல்லல்லா."

"நானும் பார்மசி படிச்சவன்தான்யா."

"போர்டுல வடிவு பேருதான சார் இருக்கு?"

அது உண்மைதான்.

"வடிவு வர நேரமாகும் போல. நீங்க நாற்காலியில உக்காருங்க சார்" என்றார் பூதலிங்கம் பணிவாக. "நாங்க முறைப்படி எடுத்துருதோம்."

கூரையிலிருந்து நாற்காலி இறங்கியது. ஆய்வாளர் அதைக் கையால் அமுக்கிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். கொம்பையாவும் வேலாண்டியும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். நாற்காலி பாதி தூரம் ஏறி, கிறுக் கிறுக்கென்று சுழன்றது.

பூதலிங்கத்தால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "சார், இந்த நேரத்துல கேக்கக் கூடாது. லைசென்ஸ்?"

"போகாதுய்யா" என்றார் ஆய்வாளர், சுழன்றுகொண்டே. "உன் லைசென்ஸை எவனும் தொடமாட்டான். என்னை மேலே இழுக்கச் சொல்லு."

பூதலிங்கத்துக்குக் கண் கலங்கியது. செங்கல் சூளை கண்ணெதிரே கரைந்து போயிற்று. அவர் எழுந்து நின்று கூரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "லேய், சார் நம்ம கடையைக் காப்பாத்திட்டாரு. சாருக்கு ஒரு கும்பிடு போடுங்கலே."

கூரைமேல் நின்ற இருவரும் பெரியவர்களை மதிக்கத் தெரிந்தவர்கள். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்கள்.

பஞ்சுப் பெட்டிகள் கீழே இருந்தது நல்லதாயிற்று. சற்று நேரம் கழித்து இடுக்கு வழியே ஈனக்குரல் வந்தது.

"ஐயா... இடுப்பு வலி மாத்திரை எந்தத் தட்டுல இருக்கு?"

மேல்தட்டு என்று சொல்ல வாயெடுத்த பூதலிங்கம் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். கூரையிலிருந்து இறங்கி வந்த கொம்பையாவை அருகே இழுத்துக் காதில் சொன்னார்: "பாத்தியா மாப்ளே, இன்னும் சோதிக்காரு."

பிறகு மறுபடி தரையில் படுத்து, இடுக்கில் வாயை வைத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்:

"எதையும் தொட்டுராதீங்க சார். பார்மசிஸ்ட் இல்லாத நேரம். வடிவு வரட்டும். டாக்டர் சீட்டு இருந்தாக் கையில எடுத்து வச்சுக்கோங்க."