முத்துப்பேச்சியின் கண்கள்

“முயல் வாங்கித் தரமாட்டீங்கன்னா நான் ஊருக்குக் கிளம்புதேன், டாக்டரம்மா,” என்றார் அருளப்பன்.

டாக்டரம்மா மெஹருன்னிசா கண் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக்கூடத்தை நடத்துபவள்.

அருளப்பன் மருந்துக் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின், மெஹருன்னிசாவின் வித்தையைக் கற்றுக்கொள்ளத் தூத்துக்குடிக்கு வந்திருந்தார். வயதில் அவர் மூத்தவர். படிப்பில் அவள் குரு.

உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு வெயிலும் உப்பும் கண்ணைத் தின்றுவிடும். அவர்களுக்காக அருளப்பன் ஒரு சொட்டு மருந்து தயாரித்திருந்தார். அது கண்ணுக்குக் கெடுதல் செய்யாது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் முயல்.

மெஹருன்னிசா நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“என்னையே பாருங்க, அண்ணாச்சி. கண்ணைச் சிமிட்டாதீங்க.”

அவர் பார்த்தார். மின்விசிறிக் காற்று முகத்தில் அடித்தது. கண் கரித்தது. நீர் வழிந்தது. சிமிட்டிவிட்டார்.

“ஏன் சிமிட்டினீங்க?”

“தாங்கலை.”

“முயல் எப்படி?”

“அது எப்பவாச்சும்தான் சிமிட்டும். கண்ணீரும் கம்மி. விட்ட மருந்து அப்படியே நிக்கும். அதனாலதான் அதுக்கு விட்டுப் பார்க்கிறது.”

“நம்ம மருந்து யாருக்கு?”

“மனுஷங்களுக்கு.”

“அப்போ அவங்ககிட்டதானே கேக்கணும்?”

அருளப்பனுக்குக் கோபம் வந்தது. “நல்லதா கெட்டதான்னே தெரியாததை மனுஷன் கண்ணுல விடச் சொல்றீங்களா?”

“இல்லை.”

“முயலும் கூடாது, மனுஷனும் கூடாது. பின்னே யார் கண்ணுல விடுறது?”

மெஹருன்னிசா ஜீப் சாவியை எடுத்தாள்.

“வாங்க.”

போகிற வழியில் சொன்னாள். முத்துப்பேச்சி என்ற உப்பளத் தொழிலாளி இறந்துவிட்டாள். வீட்டார் அவள் கண்களைத் தானம் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கண்களில் தழும்பு விழுந்திருந்தது. வேறொருவருக்கு வைக்க முடியாது.

“ஆனா ஓரத்துல உயிருள்ள செல் இருக்கு. அதைத் தட்டுல வச்சு வளர்த்தா, கண்ணோட மேல்தோல் மாதிரியே ஒரு படலம் வரும். அதுல மருந்தை விட்டுப் பார்க்கலாம்.”

“அப்போ லேபுக்குத்தானே போகணும்? இந்த வழியில எதுக்குப் போறோம்?”

“யாருக்காவது பார்வை வரும்னு நினைச்சுக் கொடுத்தாங்க. இதுக்குன்னு கொடுக்கலை.”

ஜீப் முத்துப்பேச்சியின் வீட்டு முன் நின்றது. வாசலில் வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்களே கேளுங்க,” என்றாள்.

“நானா?”

“மருந்து உங்களது.”

உள்ளே முத்துப்பேச்சியின் கணவர் சடையாண்டி தரையில் உட்கார்ந்திருந்தார். அருளப்பனும் தரையில் உட்கார்ந்தார். கண் ஆஸ்பத்திரி ஆட்கள் என்று தெரிந்ததும் சடையாண்டியின் முகம் மலர்ந்தது.

“யாருக்குய்யா வச்சீங்க? சின்னப் புள்ளைக்கா?”



“யாருக்கும் வைக்க முடியலைங்கய்யா. கண்ணுல தழும்பு இருக்கு.”



“சின்ன வயசுலேருந்து அளத்துலயே கிடந்தா. இருக்கும்லா. அப்போ ஒண்ணுக்கும் உதவாதா?”

“உதவும்யா. அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

சொல்லத் தொடங்கினார். வார்த்தை தடுமாறியது. கம்பெனியில் அவர் யாரிடமும் சம்மதம் கேட்டதில்லை. கூண்டைத் திறப்பார், எடுப்பார், மருந்தை விடுவார், குறித்துக்கொள்வார். இப்போது ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தட்டு. அதில் செல். அதன் மேல் மருந்து.

சடையாண்டி கடைசிவரை கேட்டார்.

“மருந்த விட்டா, அவளுக்கு எரியுமாய்யா?”

அருளப்பன் நிமிர்ந்து பார்த்தார். கிழவர் அறியாமல் கேட்கவில்லை. மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்தான் அவர். இருந்தும் கேட்டார்.

“எரியாதுங்கய்யா. வலி தெரியிற நரம்பு அதுல கிடையாது.”

“ஒருவேளை எரிஞ்சா?”

நரம்பைப் பற்றி இன்னொரு தடவை விளக்க வாயெடுத்தார் அருளப்பன். முடியவில்லை.

“நிறுத்திருதேன்யா.”

சடையாண்டி தலையாட்டினார். “அப்போ எடுத்துக்கோங்க.”

திரும்பி வரும்போது சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையாக விரிந்து கிடந்தது.

“முயலுக்கு எரிஞ்சிருக்கும்,” என்றார் அருளப்பன்.

“ஆமா, அண்ணாச்சி.”

அவர் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் ஜீப்பை மெதுவாக ஓட்டினாள்.

தட்டில் செல்கள் பெருக வாரக்கணக்கில் ஆயிற்று. கண்ணாடிபோலத் தெளிவாக ஒரு படலம் படர்ந்தது. அருளப்பன் தினமும் காலையில் வந்ததும் முதலில் அதைப் பார்ப்பார். ஒருநாள் மருந்தை விட்டார்.

கொஞ்ச நேரத்தில் படலம் வெளுக்கத் தொடங்கியது.

அவர் உடனே மருந்தை வழித்தெடுத்தார். உப்புக் கரைசலால் மெல்லக் கழுவினார்.

“நாளை வரைக்கும் வச்சுப் பார்க்கிறதாத்தானே திட்டம்?” என்றாள் மெஹருன்னிசா.

“ஒத்துக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. போதும்.”

“செல்லுக்கு வலிக்காது, அண்ணாச்சி.”

“தெரியும், டாக்டரம்மா.”

இன்னொரு நாற்காலியைப் போட்டு, அவர் கழுவி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மருந்து கெடாமல் இருக்கச் சேர்த்த பொருள்தான் படலத்தைச் சுட்டிருந்தது. அருளப்பன் அதைக் குறைத்தார். அப்போதும் ஓரம் வெளுத்தது. அடியோடு நீக்கினார். திறந்தால் ஒரே தடவையில் தீர்ந்துவிடும் சின்னக் குப்பிகளில் மருந்தை அடைத்தார்.

இந்த முறை படலம் தெளிவாகவே இருந்தது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும்.

“இனி, விஷயத்தைச் சொல்லி, சம்மதிச்சு வர்றவங்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்,” என்றாள் மெஹருன்னிசா.

திரும்பினால் அருளப்பன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“வந்துருதேன்.”

சடையாண்டி அளத்தில் இருந்தார். நீளக் கம்பில் கட்டிய பலகையால் உப்பை வரப்போரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கி, வருவது யார் என்று பார்த்தார்.

அருளப்பன் வரப்பின் மேல் நின்றார்.

“முதல்ல ஒத்துக்கலைங்கய்யா. அப்பவே நிறுத்திட்டேன். இப்போ மாத்தியாச்சு. கண்ணை ஒண்ணும் செய்யலை.”

சடையாண்டி பலகையை ஊன்றி நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லதுய்யா,” என்றார். “நான் அவகிட்ட சொல்லிருதேன்.”