ஐஸ் பேக்டரிக்கு ஒரே வக்கீல்

ஜெனோவாவின் எரிச்சலைக் கேட்டால் உங்களுக்கும் எரிச்சல் வரும். முழுக்கக் கேளுங்கள், அப்புறம் யார் பக்கம் என்று சொல்லுங்கள்.

கடற்கரை ஊரில் மீனுக்கு ஐஸ் போட்டுத் தரும் பேக்டரி நடத்துகிறவள் ஜெனோவா. அவளிடம் மெஷின் ஓட்டுகிறவன் லூர்து. ஒரு நாள் குழாய் வெடித்து, குளிரூட்டும் அம்மோனியா வாயு கசிந்து, ஐஸ் ஏற்ற வந்த கூலியாள் ஒருவருக்குக் கண் பார்வையே போய்விட்டது. ஜெனோவா, லூர்து இருவர் மேலும் போலீஸ் வழக்குப் போட்டது. நிரூபணமானால் ஜெயில்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். தொழிலாளி மேல் கேஸ் விழுந்தால் முதலாளிதான் வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். கைவிட்டால் ஊரே காறித் துப்பும். ஜெனோவாவும் லூர்தைத் தன் வக்கீல் தேவசகாயத்திடமே கூட்டிப் போனாள். அவள் அப்பா காலத்திலிருந்து குடும்பத்துக்கு அவர்தான். குழாய் தானாக வெடித்தது என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னதால், அவரும் யோசிக்காமல் இருவருக்கும் வக்காலத்து வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். இதை மனதில் வையுங்கள்.

பிறகு வந்தது நிபுணர் அறிக்கை. குழாய் தானாக வெடிக்கவில்லையாம். அழுத்தம் கூடினால் திறந்துகொள்ளும் வால்வைத் திறக்கவிடாமல் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கட்டியது லூர்து என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தானாகக் கட்டினானா, ஜெனோவா சொல்லிக் கட்டினானா? இனி வழக்கே அதுதான். ஒருவர் தப்பினால் மற்றவர் மாட்டுவார்.

தேவசகாயம் இருவரையும் விட்டு விலகுவதாகக் கோர்ட்டில் சொன்னார். நீதிபதி அம்மா காரணம் கேட்டார்.

"காரணத்தச் சொன்னாலே ஒருத்தரக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிரும்மா" என்றார்.

ஜெனோவாவுக்கு வந்ததே ஆத்திரம்! என் வக்கீல் என்னை விட்டு விலகுவதா? இவர் இல்லாவிட்டால் நான் உள்ளே போவது நிச்சயம். லூர்துக்கு வேறு ஆள் வைத்துத் தருகிறேன், எனக்கு இவர்தான் வேண்டும், இதனால் எனக்கு என்ன கெடுதல் வந்தாலும் நானே பொறுப்பு என்று எழுதித் தருகிறேன் என்றாள். பக்கத்தில் நின்ற லூர்தைப் பார்த்தாள்.

"அக்கா அவரையே வச்சுக்கட்டும்மா. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான் லூர்து.

நீதிபதி ஒன்றே ஒன்று கேட்டார். "இப்பவும் இவங்ககிட்டதான் வேலையா?"

"ஆமாம்மா."

தேவசகாயம் இருவரில் யாருக்காகவும் ஆஜராகக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார் நீதிபதி. இவனை நட்டாற்றில் விடக் கூடாதென்று கூட்டி வந்ததற்கு இதுவா பரிசு என்று ஜெனோவா கோர்ட் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தன் வக்கீலை விட மறுத்த ஜெனோவா, காரணம் சொல்லாமல் விலகிய தேவசகாயம், இருவர் சம்மதித்தும் மறுத்த நீதிபதி: இதில் யார் செய்தது சரி?

விடை: நீதிபதி செய்தது சரி. ஜெனோவாவைக் காப்பாற்ற வேண்டுமானால் பழியை லூர்து மேல் தள்ள வேண்டும். லூர்து நம்பிச் சொன்னதை வைத்துத் தள்ளினால் அவனுக்குத் துரோகம். தெரிந்தும் தள்ளாமல் விட்டால் ஜெனோவாவுக்குத் துரோகம். தனக்கு வரும் கெடுதலை ஜெனோவா ஏற்றுக்கொள்ளலாம், லூர்துக்கு வருவதை அவள் எப்படி ஏற்க முடியும்? தேவசகாயம் விலகியது சரிதான். முதல் நாளே ஒருவரைத் திருப்பி அனுப்பாததுதான் தப்பு. ஜெனோவா கோபப்பட வேண்டியது அவர் மேல். லூர்தின் சம்மதம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? இலவச சட்ட உதவியில் அவனுக்கு ஒரு புது வக்கீல் கிடைத்தாள். கதவைச் சாத்திவிட்டு அவளிடம் அவன் முதலில் கேட்டது இதுதான்: "நான் சொல்றத அக்காகிட்ட சொல்ல மாட்டீங்கள்ல?"