அங்காயி குளிப்பாட்டிய யானை

அந்தக் காலத்தில் மிருகங்களும் பேசின. மனிதர்கள் பேச விடவில்லை, அவ்வளவுதான்.

வடகரை நாட்டு அரசருக்குப் பிள்ளை கிடையாது. அப்படிப்பட்ட அரசர் இறந்தால் பட்டத்து யானையின் துதிக்கையில் ஒரு மாலையைக் கொடுத்துத் தெருவில் விடுவார்கள். அது யார் கழுத்தில் போடுகிறதோ அவருக்குத்தான் நாடு. இந்த விஷயம் யானைப்பாகன் மகள் அங்காயிக்கு எட்டு வயதில் தெரிந்துவிட்டது. பட்டத்து யானை கருமலையின் நிம்மதி அன்றோடு போயிற்று.

தினமும் காலையில் அவள்தான் அதை ஆற்றில் குளிப்பாட்டுவாள். தேங்காய் நாரைக் கையில் எடுக்கும்போதே பேச்சு தொடங்கிவிடும்.

“மாமா, மாலையை யாருக்குப் போடுவே?”

“அரசர் இன்னும் சாகவே இல்லையே, பிள்ளே.”

“செத்தா?”

“காதுக்குப் பின்னால தேயி. அரிக்குது.”

“முதல்ல சொல்லு. அப்புறம் தேய்க்கிறேன்.”

இப்படிப் பத்து வருடம்! அடைமழையிலும் ஒருநாள் விட்டதில்லை. ராணியானால் எங்கே குளம் வெட்டுவாள், எந்த மந்திரியைத் துரத்துவாள் என்பதெல்லாம் கருமலைக்கு மனப்பாடம். அவள் கெட்டிக்காரி என்பதும் தெரியும். எரிச்சலே அதில்தான். மக்காக இருந்திருந்தால் காதில் வாங்காமலாவது இருந்திருக்கலாம்.

ஒருநாள் அரசர் இறந்தார். மாலையோடு தெருவில் நடந்த கருமலை, கூட்டத்துக்கு முன்னால் கழுத்தை நீட்டி நின்ற அங்காயியைப் பார்த்தது. இவள் ராணியாகிவிட்டால் அரண்மனைக்குள் போய்விடுவாள், ஆற்றுப் பக்கம் வரமாட்டாள் என்று தோன்றியது. மாலையைப் போட்டுவிட்டது. ஊரே ஆரவாரித்தது.

நாட்டுக்காகப் போட்டேனா, என் காதுகளுக்காகப் போட்டேனா என்று அது தன்னையே கேட்டுக்கொண்டது. பதில் பிடிக்கவில்லை. கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்த்தது. பதில் மாறவில்லை.

நான்காம் நாள் காலை, பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ராணி ஆற்றில் இறங்கினாள். கையில் அதே நார்.

“மாமா, தென்கரை ராஜாவுக்கு வயசாயிடுச்சு. படையும் சின்னது.”

கருமலை கண்ணை மூடிக்கொண்டது.

“இன்னிக்கு உச்சிப்பொழுதுக்குள்ள படை கிளம்பணும். ஜோசியர் நேரம் குறிச்சாச்சு. நீ குளிச்சுச் சுத்தமா முன்னால நடந்தாத்தான் பின்னால வருவாங்க.”

“குளம் வெட்டுறேன்னியே?”

“அந்த நாட்டையும் பிடிச்சிட்டு, ரெண்டுக்கும் சேர்த்து வெட்டுறேன்.”

கரையில் ஈட்டியோடு நின்றவர்களைக் கருமலை பார்த்தது. பாதிப் பேர் நேற்றுவரை ஏர் பிடித்தவர்கள். தான் போட்ட மாலைக்கு இவர்கள் சாகப் போகிறார்கள்.

அது கரையேறியது. பத்து வருடமாகப் பேசி என்ன கண்டது? துதிக்கை கொள்ளும் மட்டும் செம்மண்ணை அள்ளித் தலையில் கொட்டிக்கொண்டது. முதுகிலும் வீசிக்கொண்டது.

“ஐயோ மாமா, என்ன பண்றே!”

அங்காயி மறுபடி ஆற்றில் இறக்கித் தேய்த்தாள். மறுபடியும் மண். இன்னொரு தடவை தேய்த்தாள். அதற்கும் மண். உச்சிப்பொழுது கடந்துவிட்டது. ஜோசியர் உதட்டைப் பிதுக்கினார். வீரர்கள் ஈட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார்கள். யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

“நாளைக்கும் நல்ல நேரம் இருக்கு,” என்றாள் ராணி, மூச்சு வாங்க.

“மண்ணும் இருக்கு,” என்றது கருமலை.

எத்தனை பாடுபட்டுக் குளிப்பாட்டினாலும் யானை கரையேறியதும் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது அன்று முதல்தான். குளிப்பாட்டியவர் தலையில் அடித்துக்கொண்டு நிற்பதும் அன்று முதல்தான்.